ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வானொலி கேட்கக் கண் தேவையில்லை, அதனால் இப்போதே ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். அப்புறம் அடுத்த கண். கம்பி நேராக இருக்கிறதா, நடுவில் நெளிகிறதா?

எழுத்து படிப்பதும் முகம் தெரிவதும் விழித்திரையின் நடுவில் இருக்கும் மாக்குலா என்ற சிறு இடத்தின் வேலை. 50 வயதுக்கு மேல் சிலருக்கு அது சிதையத் தொடங்கும். அதில் ஈர வகை என்று ஒன்று உண்டு. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். அப்போதுதான் நேரான கம்பி நெளிந்து தெரியும். வலிக்காது, கண் சிவக்காது. அதைவிட மோசம், ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துவிடும்.

கண் மருத்துவரான என்னிடம் ஒருவர் வந்தார். வலது கண்ணில் தூசி விழ, அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்திருக்கிறார். எதிரே இருந்த மனைவியின் காதும் தோளும் தெரிகின்றன, முகம் இருக்கும் இடத்தில் புகை! தூசிதான் காரணம் என்று சொட்டு மருந்து விட்டே சில மாதங்களை ஓட்டிவிட்டார். தூசி விழுந்தது ஒரு கண், மங்கியது இன்னொரு கண். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், கல்யாண வீட்டில்கூட ‘ஒரு கண்ணை மூடுங்கள்’ என்று சொல்லித் திரிகிறேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

சரி, பரிசோதனை. விழித்திரையைப் பார்க்கும் கருவியைப் பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் எழுதி வெளியிட்டார். இன்று ஓ.சி.டி. ஸ்கேன், வெறும் ஒளியை வைத்தே விழித்திரையின் அடுக்குகளைக் காட்டிவிடும், எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்பது உட்பட.

சிகிச்சை, கண்ணுக்குள் ஊசி. பயப்படாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டு, வெள்ளைப் பகுதி வழியாகப் போடுவோம், சில நொடிதான். ரத்தக்குழாயை வளரத் தூண்டும் புரதத்தை அது தடுக்கும். ராணிபிசுமாப் என்ற மருந்துக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு, பார்வை போகும் வேகத்தைக் குறைத்தாலே பெரிது. இந்த ஊசிக்குப் பிறகு பலருக்குப் பார்வை கூடியது. ஆனால் இரண்டு ஊசியில் தெளிந்ததும் வராமல் நின்றுவிடுகிறார்கள். கசிவு திரும்ப வரும், அதனால்தான் மாதக்கணக்கில் கூப்பிடுகிறோம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இந்தச் சிதைவில் ரத்தக்குழாய் முளைக்காத உலர் வகையும் உண்டு, அதற்கு இந்த ஊசி உதவாது. சில கட்டங்களில் குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் வேகத்தைக் குறைக்கும், மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். புகைபிடிப்பவர்கள் நிறுத்துங்கள். நெளிவு புதிதாகத் தெரிந்தால் சில நாட்களுக்குள் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வணக்கம்.