பக்கத்து வளவில் அத்திவாரப் பைல் இறங்கும்போது

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னர், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு அன்ரி சட்டத்தரணியான என்னைத் தேடி வந்தார். கையில் சொப்பிங் பை. பைக்குள் போனில் எடுத்துப் பிரின்ட் போட்ட படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே சுவர், ஒரே வெடிப்பு. வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. அடுத்த படத்தில் வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அளவு ஓடியிருக்கிறது. அங்கே இன்னொரு கோடு, இன்னொரு திகதி. பக்கத்து வளவில் தொடர்மாடி எழும்புகிறது.

“தம்பி, மாநகர சபை குடுத்த அனுமதிக்கு எதிரா வழக்குப் போடலாமோ?”

“போடலாம் அன்ரி. இப்ப எத்தனையாவது மாடி?”

“நாலாம் மாடிக்குப் போன கிழமை கொங்கிறீட் போட்டாங்கள்.”

நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். ஏன் மூடினேன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, கொழும்பில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. அந்த அதிகாரம் அடிப்படையில் அதிகார சபைக்கு உரியது. அதில் ஒரு பகுதியைத்தான் மாநகர சபை அதிகாரிகளிடம் அது கையளிக்கிறது. ஆகவே ‘சபை அனுமதி கொடுத்துவிட்டது’ என்று கேள்விப்பட்டால், யார் கையெழுத்து வைத்தது, அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த முடிவை எதிர்த்துப் போக வேண்டிய இடம் மேன்முறையீட்டு நீதிமன்றம். அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை மனு, அதாவது அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யும்படி கேட்கும் மனு. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ரிட் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். பலர் ஏமாந்து போவதும் இங்கேதான். இந்தச் சின்ன ஒழுங்கைக்கு இவ்வளவு பெரிய கட்டடம் தேவையா என்று நீதியரசர்கள் பார்க்க மாட்டார்கள். சபை சட்டப்படி நடந்ததா, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிவெடுத்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். சாட்சிக் கூண்டில் ஏறிக் குறை சொல்லவும் வழியில்லை. சத்தியக் கடதாசியும் ஆவணங்களும்தான் பேசும். கட்டுபவரையும் பிரதிவாதியாகப் பெயரிட வேண்டும். நமக்குப் பாதகமான ஒரு விஷயத்தை மறைத்தால் மனு அதோடு போச்சு.

அப்புறம் தாமதம். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் எல்லை போடவில்லை. அதைக் கேட்டுச் சிலர் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் எழுத்தாணை கேட்டவுடன் கொடுக்க வேண்டிய ஒன்றல்ல, நீதிமன்றம் தன் தற்றுணிபில் கொடுப்பது. அத்திவாரம் வெட்டும்போது வந்தவரையும் நாலாம் மாடி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவரையும் அது ஒரே கண்ணால் பார்க்காது. ஊரில் காணி விற்று முற்பணம் கட்டியவர்களும் அந்தக் கட்டடத்தில் இருப்பார்களே. நானும் தொடர்மாடியில்தான் குடியிருக்கிறேன். அது யாருடைய காற்றை மறித்து எழும்பியதோ!

அதனால்தான் சொல்கிறேன், தகரம் அடித்து மறைப்புக் கட்டிய அன்றே கட்டட அனுமதிக் கோப்பைத் தேடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இதற்கு வழி திறந்தது நம் காலிமுகத்திடல்தான். திடலை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுக்கும் ஒப்பந்தத்தைக் காட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை மறுத்தபோது ஒரு சுற்றாடல் அமைப்பு வழக்குப் போட்டது. பொது அதிகாரிகள் அப்படித் தகவலை மறைக்க முடியாது என்று 2005இல் உயர் நீதிமன்றம் சொன்னது. திடலில் ஒரு கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்: 1859இல் முடிந்த அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் பேணும்படி ஆளுநர் ஹென்றி வார்ட் தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்ட கல்.

சரி, அன்ரியின் கதை. வெளிச்சம் போச்சு, காற்றுப் போச்சு என்பதற்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து நமக்கு வந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் பெரிய பிடி கிடையாது. ஆனால் அயலவன் தோண்டும்போது என் நிலம் சரியக்கூடாது என்ற உரிமை உண்டு. ஆகவே ரிட்டை விட்டுவிட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்த பிறகு மறுபக்கம் அதிகம் பேசவில்லை. சுவரைத் திருத்திக் கொடுத்தார்கள். கட்டடம் எழும்பியது எழும்பியதுதான்.

வேறொரு ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர். அத்திவாரத் தூண் இறக்கும் பைல் மெஷின் வந்த கிழமையே கோப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். வந்த வரைபடத்தில் ஒழுங்கையின் அகலம் 20 அடி என்றிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பதில் வீதியின் அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாஸ்டர் விடியற்காலை, ஓட்டோக்கள் ஓடத் தொடங்குவதற்கு முன், பேரனை நாடாவின் மறுநுனியில் நிற்க வைத்து அளந்தார். வாசலில் 20 அடி சரி. பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் 14 அடி கூட இல்லை. அங்கே பழைய மதில் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அதை உறுதிப்படுத்தி, படங்களோடு மனுவில் இணைத்தோம்.

தீர்ப்பு வரை போகவில்லை. வரைபடத்தைத் திரும்பப் பரிசீலிப்பதாகச் சபை நீதிமன்றத்தில் சொன்னது. கட்டுபவரும் மாடிகளைக் குறைத்து வேறு வரைபடம் கொடுத்தார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மாஸ்டர் தேநீர் தந்தார். விறாந்தையில் கடற்காற்று இல்லை. “மொட்டை மாடிக்கு வாரும், அங்க இன்னும் வருது” என்று படியேறத் தொடங்கினார்.

வணக்கம்.