காஸ் அடிக்க முன்: பழைய ஹைலக்ஸ் கெப்பின் ஏ.சி.யும் ஹீற்றரும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் வைத்திருப்பவர்கள் கராஜ் வாசலில் சொல்லும் முதல் வசனம் அநேகமாக இதுதான்: "பாஸ், ஏ.சி. குளிரில்லை, காஸ் அடிச்சு விடுங்கோ." இந்த ஒரு வசனத்தால் காஸை அமுக்கிச் சுற்றவிடும் நல்ல கொம்பிரஸர்கள் பல கெட்டுப் போகின்றன. ஏ.சி. காஸ் டீசலைப் போல எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. குறையாமலே குளிர் போயிருந்தால், மேலதிகமாக அடிக்கும் காஸ் நோயைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே காஸைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் வீதிகளில் இன்னும் ஓடும் 1988 முதல் 1997 வரையான ஹைலக்ஸை, குறிப்பாக எல்.என். 106 என்று நாம் சொல்லும் 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின் கெப்பை, மனதில் வைத்துச் சொல்கிறேன். முன் ஆசனத்தில் இடப்பக்கம் இருப்பவரின் காலுக்கு மேலே, குளோவ் பொக்ஸுக்குப் பின்னால், காற்றுப் பெட்டி இருக்கிறது. ஓரத்தில் புளோவர், அடுத்தது காற்றைக் குளிர்த்தும் சுருள், அதாவது எவாப்பரேற்றர், நடுவில் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் ஹீற்றர் கோர். புளோவர் தள்ளும் காற்று முதலில் எவாப்பரேற்றரில் குளிர்ந்து, அதன்பின் ஹீற்றர் பக்கமாக வருகிறது. குளிருக்கும் சூட்டுக்கும் பாதை ஒன்றே. இதை மறந்துவிட்டு ஏ.சி.யைத் தனியாகவும் ஹீற்றரைத் தனியாகவும் பார்ப்பவர் பாதிக் குறைகளைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

முதற் சந்தேகம் ஹீற்றர் வால்வு. எஞ்சின் பக்கம், தடுப்புச் சுவருக்கு அருகே, கேபிளால் திறந்து மூடும் சிறிய வால்வு அது. வருடக்கணக்கில் அசையாமல் இருந்து உப்புப் பிடித்தால் முழுவதும் மூடாது. எஞ்சினின் சுடுதண்ணீர் மெல்ல ஹீற்றர் கோருக்குள் போய்க்கொண்டே இருக்கும். எவாப்பரேற்றர் எவ்வளவு குளிர்த்தினாலும் அடுத்த அங்குலத்தில் காற்று சூடாகிவிடும். காலையில் குளிர்கிறது, அரை மணித்தியாலம் ஓடிய பின் குளிரில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வால்வுதான்.

சோதிப்பது சுலபம். எஞ்சினைச் சூடாக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வையுங்கள். புளோவர் முழு வேகத்தில், குளிர் முழுவதில், காற்று உள்ளே சுற்றும் நிலையில் இருக்கட்டும். நடுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருகி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹீற்றருக்குப் போகும் இறப்பர் ஹோஸை, ஹோஸ் அமுக்கும் இடுக்கியால் இறுக்கி மூடுங்கள். பத்து நிமிடத்தில் வெப்பநிலை ஐந்தாறு பாகை விழுந்தால் குற்றவாளி வால்வு அல்லது அதன் கேபிள். கேபிளாக இருந்தால், டாஷ்போட் நெம்பை முழுக் குளிர்ப் பக்கம் தள்ளி, வால்வின் கையை முழுதாக மூடிய நிலையில் பிடித்துக்கொண்டு, வெளியுறையின் கிளிப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சில மாதிரிகளில் சூட்டையும் குளிரையும் கலக்கும் தட்டு ஒன்றும் உண்டு. அதன் கேபிளையும் அப்படியே பாருங்கள். ஹோஸ் பழையதாகி வெடிப்புக் கண்டிருந்தால் அமுக்க வேண்டாம், புதியதைப் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

அடுத்தது காற்றோட்டம். இந்தக் கெப்களில் உள்ளறைக் காற்று வடிகட்டி கிடையாது. கிறவல் வீதிப் புழுதி, இலைத்தூள், முடி எல்லாம் நேரே எவாப்பரேற்றரின் முகத்தில் படிகின்றன. குளோவ் பொக்ஸைக் கழற்றி, புளோவர் மோட்டரை இறக்கி, ஒரு டோர்ச்சைப் பிடித்துப் பாருங்கள். அலுமினியச் செட்டைகளுக்குப் பதிலாகக் கம்பளிபோல ஒரு சாம்பல் நிறப் படலம் தெரிந்தால், எத்தனை கிராம் காஸ் இருந்தும் பயனில்லை. மென்மையான தூரிகையாலும், அலுமினியத்துக்குப் பாதிப்பில்லாத ஏ.சி. சுருள் கழுவும் திரவத்தாலும் சுத்தம் செய்யுங்கள். அழுத்தமான தண்ணீர்த் தாரையை அடித்தால் செட்டைகள் மடங்கிவிடும். கீழே தண்ணீர் வடியும் சிறு குழாயையும் ஊதிப் பாருங்கள். அது அடைபட்டால் தண்ணீர் இடப்பக்கக் காப்பெற்றில் இறங்கும். அங்கே வரும் ஈரத்தைக் கையில் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஏ.சி. வடிகால். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீற்றர் கோர் ஓட்டை. அந்தத் திரவம் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற், அது நஞ்சு. அதன் இனிப்புக்கு நாய்களும் சிறு பிள்ளைகளும் ஏமாறலாம், நிலத்தில் தேங்க விடாதீர்கள்.

புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் சுழன்று மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் மோட்டரை மாற்ற வேண்டாம். காற்றுப் பெட்டியில் செருகியிருக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

இனி முன்பக்கம். ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சுடுகிறது என்றால், ரேடியேற்றருக்கு முன்னால் இருந்து காஸின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சருக்குக் காற்று போதவில்லை. இந்த டீசல் எஞ்சின்களில் ரேடியேற்றர் ஃபானின் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் கொண்ட கிளச் ஒன்று இருக்கிறது. எண்ணெய் கசிந்து தீர்ந்தால் ஃபான் சுற்றுவது போலத் தெரியும், காற்றை இழுக்காது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய பின் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தடையில்லாமல் இலேசாகச் சுழன்றுகொண்டே போனால் கிளச் போய்விட்டது. ஐயம் தீர வேண்டுமானால், ஏ.சி. ஓடும்போது கொண்டென்சர் மீது தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். உடனே குளிர் கூடினால் குறை காற்றில்தான், காஸில் அல்ல. யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று கொண்டென்சரின் செட்டைகளை அரித்து மாவாக உதிர்த்துவிடும். விரலால் தொட்டால் உதிர்கிறதென்றால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் அழுத்தம் அளக்கும் கேஜைக் கையில் எடுங்கள். ஆர்-134ஏ காஸ் உள்ள வாகனத்தில், உள்ளிழுக்கும் காற்று 30 முதல் 35 பாகை செல்சியஸ் இருக்கும்போது, எஞ்சின் 1,500 சுற்றில், தாழ் அழுத்தப் பக்கம் சுமார் 22 முதல் 36 பி.எஸ்.ஐ., உயர் அழுத்தப் பக்கம் சுமார் 200 முதல் 230 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு, ஆகவே ஒழுக்கு. இரண்டும் உயர்ந்திருந்தால் காஸ் கூடிவிட்டது, அல்லது உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது கொண்டென்சர் குளிரவில்லை. தாழ்பக்கம் உயர்ந்து, உயர்பக்கம் தாழ்ந்தால் கொம்பிரஸர் தேய்ந்துவிட்டது. சற்று நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு தாழ்பக்க முள் வெற்றிடத்துக்குள் இறங்கி, நிறுத்தி வைத்துப் போட்டால் மறுபடியும் குளிர்வது தனி வகை. குழாய்க்குள் ஈரம் இருக்கிறது. அது, எவாப்பரேற்றருக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிமுனையில் பனிக்கட்டியாகி அடைக்கிறது. கட்டி உருகும்வரை காஸ் நகராது. ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, நன்றாக வெற்றிடம் இழுப்பதைத் தவிர இதற்கு வைத்தியம் கிடையாது.

கொம்பிரஸரை பெல்ட்டோடு இணைக்கும் மெக்னெற் கிளச் பிடிக்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். காஸ் மிகக் குறைந்து, உயர் அழுத்தப் பக்கமே சுமார் 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் அந்த சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். அது கொம்பிரஸரைக் காப்பாற்றுவதற்கு. காஸோடு சேர்ந்துதான் எண்ணெயும் சுற்றுகிறது. சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது கொம்பிரஸரை எண்ணெய் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். தயவுசெய்து அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம். கிளச் சுருளின் தடை சுமார் 3.7 ஓம் இருக்க வேண்டும். கிளச் தட்டுக்கும் பெல்ட் ஓடும் கப்பிக்கும் இடைவெளி 0.35 முதல் 0.65 மில்லிமீற்றர். தேய்ந்து இடைவெளி கூடினால், சூடான நேரத்தில் காந்தத்தால் இழுக்க முடியாது. உள்ளிருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இப்போது இந்த வயதுக் கெப்களுக்கே உரிய பெரிய விடயத்துக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு, ஓசோன் படலத்தைத் துளைக்கும் ஆர்-12 காஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் வாகனங்கள் ஆர்-134ஏக்கு மாறின. ஆகவே ஒரே தோற்றமுள்ள இரண்டு ஹைலக்ஸில் ஒன்று ஆர்-12க்கும் மற்றது ஆர்-134ஏக்கும் செய்யப்பட்டிருக்கலாம். பொனட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். அது உரிந்து போயிருந்தால் காஸ் ஏற்றும் வாயைப் பாருங்கள். திருகிப் பூட்டும் வாய் ஆர்-12. அமுக்கிப் பூட்டும், இருபக்கமும் அளவு வேறுபட்ட வாய் ஆர்-134ஏ.

ஆர்-12இலிருந்து ஆர்-134ஏக்கு மாற்றுவதென்றால் முழுமையாக மாற்றுங்கள். பழைய காஸை வெளியே விடாமல் மீட்புக் கருவியால் சேகரிக்க வேண்டும். பழைய கனிம எண்ணெய் ஆர்-134ஏயோடு கலக்காது, ஒரு மூலையில் தேங்கிவிடும், கொம்பிரஸர் வறண்டு இறுகும். எனவே அதை வடித்து, கொம்பிரஸருக்கு ஏற்ற புதிய எண்ணெய் இட வேண்டும். டென்சோ 10பி வகைக்கு என்.டி. ஒயில் 8. ட்ரையர் கட்டாயம் புதியது, மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங் எல்லாம் பச்சை நிறத்தில் வரும் புதிய வகை. எண்ணெயை வடித்துவிட்ட இந்த வேலையில் கொம்பிரஸருக்குச் சொல்லப்பட்ட முழு அளவையும் இட வேண்டும். பின்னொரு காலத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால், எவாப்பரேற்றருக்கோ கொண்டென்சருக்கோ 40 முதல் 50 மில்லிலீற்றர், ட்ரையருக்கு 20 மில்லிலீற்றர் சேர்த்தால் போதும்.

பிறகு ஒழுக்குச் சோதனை. உலர் நைதரசனை 150 பி.எஸ்.ஐ. ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். ஒட்சிசன் சிலிண்டரை இதற்குப் பாவிக்கவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அடுத்து, பம்பால் 45 நிமிட வெற்றிடம். கரையோரத்தில் கேஜின் முள் இரச அளவில் 29 அங்குலத்தைத் தொட வேண்டும். நுவரெலியாவில் அது 24 அங்குலத்தில் நின்றுவிடும், பம்பைக் குறை சொல்லாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே அவ்வளவுதான். பம்பை மூடி அரை மணித்தியாலம் முள் அசையாவிட்டால் காஸ் ஏற்றலாம்.

எவ்வளவு? ஸ்டிக்கரில் ஆர்-12க்குச் சொன்ன நிறையில் 80 முதல் 85 வீதம். 700 கிராம் என்று இருந்தால் 560 முதல் 595 கிராம். தராசில் நிறுத்து ஏற்றுங்கள். ட்ரையரின் கண்ணாடியில் குமிழி மறையும்வரை அடிக்கும் பழக்கம் ஆர்-12 காலத்தது. மாற்றிய வாகனத்தில் சரியான அளவிலும் சில குமிழிகள் தெரியும். அவை மறையட்டும் என்று அடித்தால் காஸ் கூடி, உயர்பக்கம் எகிறும். எஞ்சின் ஓடும்போது சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டாம், திரவம் கொம்பிரஸரை உடைக்கும். உயர்பக்க வால்வைத் திறக்கவும் வேண்டாம், அழுத்தம் திரும்பிப் போய்ச் சிலிண்டர் வெடிக்கலாம்.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆர்-134ஏ என்று லேபல் ஒட்டி மெதைல் குளோரைட் கலந்த போலிகள் உலகச் சந்தையில் வந்திருக்கின்றன. அது அலுமினியத்தோடு தாக்கமுற்று, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011இல் கப்பற் குளிர்க் கொள்கலன்கள் வெடித்து ஆட்கள் இறந்தது இதனால்தான். விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். சமையல் காஸை ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். எவாப்பரேற்றர் ஒழுகினால் அந்தக் காஸ் உங்கள் மடிக்கு முன்னால்தான் நிறையும்.

மலைநாட்டு நேயர்கள் ஹீற்றருக்காகக் காத்திருப்பீர்கள். எஞ்சின் சூடானபின் தடுப்புச் சுவரில் நுழையும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, குறை காற்றுப் பக்கம். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைபட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றி ஓடிய வாகனங்களுக்கு இது சகசம். ஹோஸ்களைக் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து மெல்லிய அழுத்தத்தில் எதிர்த்திசையாகக் கழுவுங்கள். அதன்பின் கூலன்றும் வடித்த தண்ணீரும் சரிபாதி.

இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாகவே இருந்தால், அநேகமாக யாரோ, தண்ணீர் சூடான பின்பே ரேடியேற்றருக்கு வழிவிடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்பது பெரிய தவறு. பைபாஸ் வால்வு சேர்ந்த தேர்மோஸ்ராற்றைக் கழற்றினால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிவிடும். ஹீற்றரும் சுடாது, ஏற்றத்தில் எஞ்சினும் கொதிக்கும்.

நானுஓயாவைத் தாண்டி மூடுபனியில் முன் கண்ணாடி மங்கும்போது, ஏ.சி.யையும் ஹீற்றரையும் ஒன்றாகப் போடுங்கள். எவாப்பரேற்றர் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீற்றர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். காற்று நெம்பு வெளிக்காற்றுப் பக்கம் இருக்க வேண்டும், உள்ளே சுற்றவிட்டால் பயணிகளின் மூச்சு ஈரமே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும். ஏ.சி. பழுது என்று அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மலைக்கு வருபவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஏ.சி. தேவைப்படாத குளிர் மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அதை ஓட விடுங்கள். கொம்பிரஸர் தண்டின் சீலில் எண்ணெய் படாமல் காய்ந்தால் முதல் ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

நன்றி, வணக்கம்.