1.77-க்குப் பக்கத்தில் இல்லாமல் போன சொல்

நேயர்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அலகுகள் முதலிலேயே வந்துவிடும். எளிய கணக்குகள்தானே என்று பிள்ளைகள் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கோ அந்தப் பாடத்தை விட்டு நகரவே மனம் வராது.

1983 ஜூலை 23. கனடாவின் மாண்ட்ரியலில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று புறப்படக் காத்திருந்தது. எரிபொருள் காட்டும் கருவி பழுது. தொட்டிகளைக் கோல் வைத்து அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. எட்மன்டன் வரை போகத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். வந்ததை 22,300-இலிருந்து கழித்தார்கள். மீதியை அதே எண்ணால் வகுத்தார்கள். இன்னும் 4,917 லிட்டர் போதும் என்று விடை வந்தது.

பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழையில்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில்! அந்த நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிலோகிராமுக்கு 0.803 என்று போட்டிருந்தால் 20,088 லிட்டர் ஊற்றியிருப்பார்கள். நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்றன. கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில், என்ஜின் இல்லாமலே இறக்கினார் விமானி பாப் பியர்சன். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்த 1.77-க்குப் பக்கத்தில் 'பவுண்டு' என்று எழுதியிருந்தால், அடுத்த வரியிலேயே கை நின்றிருக்கும். கிலோகிராமிலிருந்து பவுண்டை எப்படிக் கழிப்பது?

அதனால்தான் மணிக்கு 72 கிலோமீட்டரை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றும்போது, 5/18 என்று மனப்பாடமாக எழுத நான் விடுவதில்லை. தேர்வு அறையில் அது 18/5 ஆகிவிடும். கிலோமீட்டரை அடித்துவிட்டு 1,000 மீட்டர் என்று எழுது, மணியை அடித்துவிட்டு 3,600 வினாடி என்று எழுது என்பேன். 72,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர்.

பரப்பில்தான் பலரும் சறுக்குவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்றால், 100 என்று வகுப்பே சொல்லும். ஒருமுறை தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, ஓரமாகச் சென்டிமீட்டர் கட்டங்களைப் போடச் சொன்னேன். முதல் வரிசையிலேயே நூறு கட்டம் தீர்ந்துவிட்டது. வரைந்த மாணவி நிமிர்ந்து மிச்சத் தரையைப் பார்த்தாள். "இன்னும் 99 வரிசை இருக்கிறது, ஐயா" என்றாள். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அவளே அடுத்ததையும் சொல்லிவிட்டாள்: "அப்படியானால் கன மீட்டருக்குப் பத்து லட்சம்!"