போட்டோஸ்டாட் கடைக்காரர் மகன் பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணி நண்பர்களுக்கும் வணக்கம். மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் பட்டர்வொர்த் மக்களுக்குத் தனி வணக்கம். பின்வரிசையில் கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கும் சேர்த்துத்தான். கொடுத்திருப்பது ஏழு நிமிடம். வணக்கத்திலேயே அரை நிமிடம் போய்விட்டது.

நம் மலேசியப் பிள்ளைகளின் தரத்தைச் சரியாகக் காட்டுவது ஆசிரியரே வகுப்பில் பார்த்து நிலை போடுகிற வகுப்பறை மதிப்பீடா, எல்லாரும் ஒரே தாளை எழுதுகிற பொதுச் சோதனையா? இதுதான் தலைப்பு. நான் பொதுச் சோதனை அணி. நான் வாத்தியார் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனுக்கு அப்பன். அந்த வீட்டுக்கு அதிபதி என் மாமியார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அத்தை, கோபப்படாதீங்க, இன்னிக்கு உங்க கதையைச் சொல்லப் போறேன்.

போன வருடக் கடைசியில் பையன் ரிப்போர்ட் கொண்டு வந்தான். தமிழ்மொழி, அடைவு நிலை 4. என் மாமியார் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். நாலு என்றால் அவருக்கு நாலுதான். "பேரன் நாலாவதா வந்திருக்கான்!" என்று ஒரே சத்தம். உடனே அடுப்பு பற்றியது. ஒரு கிலோ ரவை கேசரி. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்புக்குள், அதான் தமானுக்குள், இறங்கிவிட்டார்.

மூன்றாவது வீட்டில் அந்த அம்மா சொல்லியிருக்கிறார், "எங்க பாப்பாவும் நாலுதாங்க." சரி, ரெண்டும் ஒரே மார்க்கு போல என்று அத்தை நினைத்துக்கொண்டார். ஏழாவது வீட்டிலும் நாலு. மூலை வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். ரெண்டும் நாலு! கேசரி தீர்ந்த கிண்ணத்தோடு திரும்பி வந்து என்னைக் கேட்டார். "மாப்பிள்ளை, வகுப்புல மொத்தம் 23 பிள்ளைங்க. அதுல 19 பேரு நாலாவதா வந்திருக்காங்க. மிச்சம் நாலு பேரு என்ன ஆனாங்க?"

நான் சொன்னேன், "அத்தை, மூணு பேருக்கு அஞ்சு. ஒரு பையனுக்கு ஆறு."

மாமியார் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம், ஆறாவதா? மனசு ஒடைஞ்சு போயிருப்பானே!"

நான் விளக்குவதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். அந்தப் பையன் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, "பரவால்லப்பா, அழாதே. அடுத்த வருசம் நல்லாப் படிச்சு நாலு வாங்கிடு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! நடுவர் அவர்களே, அடைவு நிலை என்பது வகுப்பில் எத்தனையாவது என்பதல்ல, ஒன்றிலிருந்து ஆறு வரை ஏறுகிற படி. ஆறுதான் உச்சம். அவன்தான் வகுப்பிலேயே முதல் பிள்ளை. அவன் அம்மா இன்றைக்கும் எங்கள் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

சிரிக்கிறீர்கள். இங்கே இருக்கிற அப்பா அம்மாக்களில் அடைவு நிலை 3 என்றால் என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். ஆசிரியர்கள் தூக்கக் கூடாது! பார்த்தீர்களா? மூன்று வந்தால் குறைந்தபட்ச அளவைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். ஒன்றும் இரண்டும் என்றால் இன்னும் தொடவில்லை. இதெல்லாம் கலைத்திட்ட ஆவணத்தில் உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், அடைவு நிலை என்று கட்டம் கட்டி எழுதித்தான் இருக்கிறது. ஆசிரியருக்குப் புரியும். என் மாமியாருக்குக் கேசரி செலவு.

எதிரணியினர் சரித்திரம் பேசினார்கள், நானும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1988-இல் வந்தது யூ.பி.எஸ்.ஆர்., ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான பொதுச் சோதனை. 2011-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டமும் பள்ளி மதிப்பீடும் வந்தன. 2021-இல் யூ.பி.எஸ்.ஆரை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் படிவம் மூன்று பிள்ளைகள் எழுதிய பி.டி.3-ஐ நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதிச் சோதனை ஒன்று வந்தது. முக்கியப் பாடங்களுக்குக் கேள்வி தேர்வு வாரியத்துடையது, திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர். 2027-க்கு இன்னொரு கலைத்திட்டமாம். கலைத்திட்டம் எத்தனை வேண்டுமானாலும் மாறட்டும். சந்தையில் மீன் விற்பவர் தராசுக்குக்கூட அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிள்ளையை நிறுக்கிற தராசுக்கு வேண்டாமா?

2014-இல் யூ.பி.எஸ்.ஆர். கேள்வித்தாள் கசிந்ததே என்றார் ஒருவர். கசிந்தது. அறிவியலையும் ஆங்கிலத்தையும் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள், பாவம்தான். அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதை விடுங்கள்.

என்னால் விட முடியாதது வேறு ஒன்று. எதிரணித் தலைவர் கேட்டார், "யூ.பி.எஸ்.ஆர். போனபோது முதலில் அழுதது யார் தெரியுமா? போட்டோஸ்டாட் கடைக்காரர்!" மண்டபமே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன், பழக்கதோஷம். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஐயா சொன்னது எங்கள் அப்பாவை.

ஆமாம். எங்கள் அப்பா போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தார், இதே பட்டர்வொர்த்தில், ஒரு தமிழ்ப்பள்ளிக்கு எதிரே. ஒரு பக்கம் பத்துக் காசு. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மெஷின் மூச்சு வாங்கும். மாதிரிச் சோதனை, கருத்தரங்குத் தாள், பழைய கேள்வித்தாள் என்று மூடி இறங்குவதும் பச்சை வெளிச்சம் ஓடுவதுமாக இருக்கும். வெளியே வரும் தாள் அப்பளம் மாதிரி சுடும். பள்ளி விட்டு வந்து அதை அடுக்கி ஸ்டேப்ளர் அடிப்பது என் வேலை. அதனால் எதிரணித் தலைவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பத்துக் காசுகளில்தான் நான் வளர்ந்தேன். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

2001. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டம். அங்கிருந்து ஓர் அம்மா வருவார். பிறை தொழிற்பேட்டையில் துப்புரவு வேலை, அந்தச் சட்டையோடு வேலை முடிந்து நேரே வருவார். மகள் ஆறாம் ஆண்டு. டீச்சரிடம் இரவல் வாங்கிய கேள்வித்தாள் கட்டு கையில் இருக்கும். அவர் சுருக்குப்பையைத் திறந்து எண்ணி முடிக்கும்வரை அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, மலாய் மட்டும் எடுங்க."

"கணக்கு வேணாமாம்மா?"

"கணக்குல தேறலைன்னா கணக்குதான் போவும். மலாய்ல தேறலைன்னா ஒரு வருசமே போயிரும்ணே."

பெரியவர்களுக்குப் புரியும். அப்போது தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறாம் ஆண்டில் மலாய்மொழியில் தேறாவிட்டால் நேராக இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு வருடம் என்றால் ஒரு வருடத்து பஸ் காசு, அவ்வளவுதான் கணக்கு.

அப்பா என்ன செய்தார்? இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தார். பாதிக் காசு. அடுத்த வாரம் மகளே அம்மாவோடு வந்து நின்றது. "மாமா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது." அப்பா தாளை வாங்கிப் பார்த்தார், மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். "அடடா, மெஷின் தப்பு பண்ணிருச்சே!" என்றார். முழுப் பக்கமாக மறுபடி எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒவ்வொரு வாரமும் தப்புப் பண்ணியது. கணக்குத்தாளையும் அதுவாகவே சேர்த்து எடுத்துவிட்டது. பொல்லாத மெஷின்.

நவம்பரில் முடிவு வந்தது. அந்த அம்மா ஓடி வந்தார். கையில் முடிவுத் தாள். அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. வேலையிடத்தில் ஒரு சீனத்தி அக்காவிடம் காட்டியிருக்கிறார், பாஸ் என்றாராம். வாசலில் மலாய்க்காரக் காவலாளியிடம் காட்டியிருக்கிறார், பாஸ் என்றாராம். பஸ்காரரும் அதையே சொன்னாராம். கடைசியாக எங்கள் அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார். மலாய்மொழி இரண்டு தாளிலும் சி.

"தேறிடுச்சும்மா."

நடுவர் அவர்களே, நாலு பேரைக் கேட்டார், நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். டாக்டர் பிள்ளைக்கும் அதே தாள், அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே தாள். இன்றைக்கு அந்த அம்மா அடைவு நிலை நாலைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவார்? என் மாமியாரிடமா?

ஏ இல்லை, பி இல்லை, வெறும் சி. அந்தச் சி-யை வைத்துக்கொண்டு அவர் கேட்டார், "அண்ணே, பத்து காப்பி எடுங்க."

"இடைநிலைப்பள்ளிக்கு ரெண்டு போதுமேம்மா?"

"எங்கம்மாவுக்கு ஒண்ணு. எங்க அண்ணன் வூட்டுக்கு ஒண்ணு. பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்குப் படிப்புன்னு கேட்டாரே அவ மாமா, அவருக்கு ரெண்டு. சாமி மேடையில ஒண்ணு. மிச்சம் இருக்கட்டும்ணே."

அப்பா காசு வேண்டாம் என்றார். அந்த அம்மா ஒரு ரிங்கிட் நோட்டை மேசையில் வைத்து, மேலே ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தார். "இன்னிக்கு வாங்கிக்கணும். இன்னிக்கு மெஷின் தப்பு பண்ணக் கூடாது." அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மணி அடிக்கிறீர்கள், ஐயா, ஒரே நிமிடம்.

அவர் பத்துக் காப்பியையும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் பார்த்தோம், அசல் மெஷினுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க நான் மழையில் பஸ் நிற்கிற இடம்வரை ஓடினேன். ஓடுவதற்கு முன்னால் அப்பா, "இரு" என்று என்னை நிறுத்தி, மூடியை இறக்கி, தனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டார். கடையை மூடும்வரை அது கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. பழுத்துவிட்டது. பெயர் தெரியாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அவர்களே, போட்டோஸ்டாட் கடைக்காரர் அழுதார் என்றீர்கள். 2021-இல் அழுவதற்கு எங்கள் அப்பா இல்லை. ஆனால் அழுதார் ஐயா. 2001 நவம்பரில், அந்தப் பதினோராவது காப்பி சூடாக வெளியே வரும்போது. நன்றி, வணக்கம்.