லான்ட்மாஸ்டர் புகைக்குழாய் வாயில் என்ன நடக்கிறது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணி பாயும் வயல் வரம்பில் நிற்கிறேன். பின்னால் கேட்பது லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம். அந்தச் சத்தம் குழாயை விட்டு வெளியே வரும் கணக்கைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் புகை ஓடாத வெறும் குழாய். இதன் கணக்கை 1948இல் லெவின், சுவிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தீர்த்துவிட்டார்கள். ஆரை 2 சென்ரிமீற்றர், மீடிறன் 500 ஹேர்ட்ஸ், சாதாரணக் காற்று என்று வையுங்கோ. அலைநீளம் 68 சென்ரிமீற்றர் வரும். வாய்க்கு வந்த ஒலிச்சக்தியில் வெளியே போவது ஏறத்தாழ 3 சதவீதம்தான், மிச்சம் தெறித்து உள்ளே திரும்பும். அதுவும் குழாய் முடிகிற இடத்தில் இல்லை, ஆரையில் 0.61 பங்கு வெளியே தள்ளித் தெறிப்பது போல.

சரி, இப்போது புகை ஓடட்டும். கமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன், பாருங்கோ. ஸ்டார்ட் பண்ணியதும் கரும்புகை விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உருண்டை, அதன் ஓரம் உள்நோக்கிச் சுருளுகிறது. அதுதான் சுழிப்பு.

1977இல் மன்ட் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். ஓடும் வாயுவுக்கும் நிற்கும் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லையை மெல்லிய சுழிப்புத் தாளாக எடுத்து, வீனர்-ஹொப் என்ற கணித முறையால் தீர்த்தார். சமன்பாடு மட்டும் போதாது. குழாயின் உதட்டில் ஓட்டம் எப்படிப் பிரிகிறது என்றும் சொல்ல வேண்டும். உலோகத்தின் திசையிலேயே வழுவழுப்பாகப் பிரியும் என்பது கட்டா நிபந்தனை. மெல்லிய தகர விளிம்பில் போடும் ஒரு நிபந்தனை, தூரத்தில் நிற்பவரின் காதுக்கு வரும் சத்தத்தையே மாற்றிவிடுகிறது! எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும். தாழ்ந்த மீடிறனில் ஒலிச்சக்தியில் ஒரு பங்கைச் சுழிப்புகள் வாங்கிக்கொள்கின்றன, அது வெளியே சத்தமாக வராது. ஓட்ட வேகத்தோடு ஒப்பிட மீடிறன் மிகவும் தாழ்ந்திருந்தால், அந்த 0.61 கிட்டத்தட்ட 0.25க்கு இறங்கும். தெறித்து வரும் அலை, வாய்க்குப் போன அலையைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். ஓட்டமும் சக்தியைச் சுமப்பதால் சக்திக் கணக்கு இடிக்காது; பிறகு ஆய்வுகூடத்தில் அளந்தும் காட்டினார்கள்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார், தண்ணி பம்புக்குச் சைலன்சர் வடிவமைக்க நினைத்தால் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதேங்கோ. முதலில் ஓட்டமில்லாத தீர்வைக் கையால் ஒருதரம் போட்டுப் பாருங்கோ. பிறகு ஓட்டத்தைச் சேர்த்து, இரண்டு விடையும் எந்த மீடிறனில் பிரிகின்றன என்று கீழே எழுதுங்கோ.