ஓட்வில் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு மருமகளும்

நண்பர்களே, வணக்கம். நார்மன்கள் என்றதும் நமக்கு 1066இல் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தது, இவ்வளவுதான் நினைவுக்கு வரும். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த வில்லியமின் நார்மண்டியில், அதாவது பிரான்சின் வடக்கில், கூட்டான்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஓட்வில் என்ற சின்ன ஊரை வைத்திருந்த டாங்கிரெட் என்பவருடைய குடும்பத்தைப் பற்றி. அவருக்கு முதல் மனைவி மூலம் ஐந்து ஆண்பிள்ளைகள், இரண்டாம் மனைவி மூலம் ஏழு. பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன மிஞ்சும்?

அதனால் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தென் இத்தாலிக்குக் கூலிப் படைவீரர்களாகக் கிளம்பினார்கள். அங்கே முன்பிருந்தே ஆண்டுவந்த லொம்பார்டு இளவரசர்கள் ஒரு பக்கம், கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசின் ஆட்கள் ஒரு பக்கம், கடலுக்கு அப்பால் சிசிலியில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த முஸ்லிம் அமீர்கள். குதிரையும் கவசமும் இருந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மூத்தவர் வில்லியமை, ‘இரும்புக்கை’ என்று பட்டப்பெயர் வாங்கியவரை, 1042இல் நார்மன்கள் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பின் தம்பி டிரோகோ, அவர் கொலை செய்யப்பட்டதும் அடுத்த தம்பி ஹம்ப்ரி. 1053இல் இவர்களை ஒழித்துக்கட்டப் போப் ஒன்பதாம் லியோவே படை திரட்டி வந்தார். சிவிடாட்டே என்ற இடத்தில் தோற்றுக் கைதியானார்.

இதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1059இல், இன்னொரு போப், இரண்டாம் நிக்கோலஸ், அதே குடும்பத்து ராபர்ட்டை டியூக் ஆக்கினார்! கலாபிரியா மலைப்பகுதியில் மாடு கடத்திப் பிழைப்பை ஆரம்பித்தவர் இந்த ராபர்ட், கிஸ்கார், அதாவது தந்திரக்காரர் என்று பேர் எடுத்தவர். இன்னும் கைக்கே வராத சிசிலியையும் சேர்த்தே அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

சிசிலியைப் பிடித்த வேலையில் பெரும்பங்கு கடைசித் தம்பி ரோஜருடையது. 1061இல் மெசினா, 1072இல் பலேர்மோ, கடைசியாக 1091இல் நோட்டோ. முப்பது வருடம்! இதை நாம் கவனிக்க வேண்டும். அவரிடம் இருந்த குதிரை வீரர்கள் பல சமயம் சில நூறு பேர்தான். இவ்வளவு சின்னக் கூட்டம் ஒரு பெரிய தீவை ஆள வேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே கணக்கு எழுதியவன், வரி வசூலித்தவன், நிலத்தின் எல்லை தெரிந்தவன் எல்லோரும் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் அரபியோ கிரேக்கமோ பேசியவர்கள். சிசிலியின் பன்மொழி ஆட்சியைப் பெருந்தன்மை என்று பலர் புகழ்கிறார்கள், அது முதலில் ஆள் பற்றாக்குறையில் பிறந்தது என்பது என் கருத்து.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவருக்கு வருகிறேன். 1101இல் ரோஜர் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். மூத்தவன் சைமனும் 1105இல் இறந்துபோனான், இளையவன் ரோஜருக்கு அப்போது பத்து வயதுதான் இருக்கும். அவர்களுடைய தாய் அடிலெய்ட், வட இத்தாலியிலிருந்து மூன்றாம் தாரமாக வந்தவர், 1112 வரை நாட்டை நடத்தினார். பிரபுக்களின் கலகத்தை அடக்கினார், ஆட்சியின் மையம் பலேர்மோவுக்கு நகர்ந்ததும் அவர் காலத்தில்தான். 1109இல் ஒரு மடத்தைப் பாதுகாக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு அவர் அனுப்பிய உத்தரவு இன்றும் இருக்கிறது, கிரேக்கத்திலும் அரபியிலும், தோலில் அல்ல, காகிதத்தில். ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணங்களில் ஒன்று அது. ஆனால் குடும்ப வரலாறு சொல்லும்போது சண்டை போட்ட அண்ணன் தம்பிகளுக்கு நூறு பக்கம், இவருக்கு ஒரு பத்தி! எனக்கு இது பொறுக்கவில்லை.

அவருக்கு நேர்ந்ததும் கொடுமைதான். 1113இல் ஜெருசலேம் அரசர் பால்ட்வின் அவரை மணந்தார், அவர் கொண்டுபோன செல்வத்துக்காக. பால்ட்வினின் முந்தைய மனைவி அப்போது உயிரோடு இருந்தார். பணம் கரைந்த பிறகு, 1117இல் அந்தக் காரணத்தையே காட்டி அடிலெய்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வருடமே இறந்தார்.

அவர் வளர்த்த மகன் இரண்டாம் ரோஜர் 1130 கிறிஸ்துமஸ் அன்று பலேர்மோவில் அரசராக முடிசூடினார். அவருக்காகச் செய்த பட்டு மேலங்கியின் ஓரத்தில் அரபி எழுத்து, இஸ்லாமிய நாட்காட்டிப்படி ஹிஜ்ரி ஆண்டு 528. அவர் அரண்மனைக் கோயிலில் கிரேக்க மொசைக், மேலே அரபுக் கைவினை மரக்கூரை. அரபு அறிஞர் அல் இத்ரிசி உலகப் புவியியல் நூலை எழுதி 1154இல் முடித்ததும் அவருக்காகத்தான். அதற்காக அதைப் பொற்காலம் என்று பாடிவிட வேண்டாம். ரோஜரின் மகன் முதலாம் வில்லியம் காலத்தில், 1161 கலகத்தில், பலேர்மோவிலேயே முஸ்லிம்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

1189இல் ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் வாரிசு இல்லாமல் இறந்தார். முறைப்படி மிஞ்சிய உரிமை இன்னொரு பெண்ணிடம் வந்தது, ரோஜர் இறந்த பிறகு பிறந்த மகள் கான்ஸ்டன்ஸ். அவர் கணவர், ஜெர்மன் அரசர் ஆறாம் ஹென்றி, 1194 கிறிஸ்துமஸ் அன்று பலேர்மோவில் முடிசூடிக்கொண்டார். மறுநாள், ஏசி என்ற ஊரில், நாற்பது வயதில், கான்ஸ்டன்ஸ் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். பின்னாளில் பேரரசர் இரண்டாம் பிரெட்ரிக் ஆனது அந்தக் குழந்தைதான். வரலாறு அவரைத் தந்தை வழியில் ஹோஹென்ஸ்டாஃபன் என்ற ஜெர்மன் அரச குடும்பத்துக் கணக்கில் எழுதிக்கொண்டது, ஆனால் சிசிலி அவருக்குக் கிடைத்தது தாய் வழியில்.