முடிவெடுக்க முடியல, தூக்கமும் வரல: ஒரு தம்பியின் கேள்விக்கு விளக்கம்

ஒரு தம்பி கேட்டிருக்காரு. வயசு 23. பெங்களூர்ல வேலைக்கு ஆர்டர் வந்திருச்சு. குரூப் 2 அரசு வேலைத் தேர்வுக்கு முழுசா உக்காந்து படிக்கணும்னும் ஆசை. "எதைத் தேர்ந்தெடுக்கட்டும் சார்? மூணு வாரமா சரியா தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, ராத்திரி எடுத்த முடிவு காலைல மாறிடுது."

இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. வேலையா தேர்வாங்கிறத அப்புறம் பாப்போம். முதல்ல அந்த மூணு வாரம்.

தொடர்ந்து பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: முடிவெடுக்க முடியாததே ஒரு அறிகுறியா இருக்கலாம். மனச்சோர்வுக்கு டாக்டருங்க பாக்குற ஒன்பது அறிகுறில, கவனம் சிதறுறதும் முடிவெடுக்கத் திணறுறதும் சேர்ந்து ஒண்ணு. ஒன்பதுல குறைஞ்சது அஞ்சு, ரெண்டு வாரம் தொடர்ந்து இருக்கணும். அந்த அஞ்சுல மனசு வாடிக் கிடக்குறதோ, எதுலயும் நாட்டம் இல்லாததோ ஒண்ணு கட்டாயம் இருக்கணும். நாட்டம் போச்சுன்னா என்ன ஆகும்? பெங்களூரை நினைச்சாலும் ஒண்ணும் தோணாது, தேர்வை நினைச்சாலும் ஒண்ணும் தோணாது. எந்தப் பக்கமும் மனசு இழுக்கலன்னா எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?

மூளையோட முன்பகுதி இருபதுகளோட நடுப்பகுதி வரைக்கும் வளருது, உண்மைதான். அதை வச்சு "உனக்கு முடிவெடுக்கத் தெரியாது"ன்னு பிள்ளைங்க வாயை அடைக்கிறது தப்பு. முடிவெடுத்துப் பழகித்தான் அந்தத் திறமை வரும்.

அதனால தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல இதைப் பத்தி முடிவே எடுக்காதீங்க. காலைல எழுந்திருக்கிற நேரத்தை ஒரே நேரமா வைங்க, தூக்கம் வரலன்னாலும். சாயங்காலம் 20 நிமிஷம் ஒதுக்கி, நோட்டுல கவலையெல்லாம் எழுதுங்க. படுக்கையில உக்காந்து எழுதக் கூடாது. மத்த நேரத்துல நினைப்பு வந்தா ஒரு வார்த்தை குறிச்சுட்டு சாயங்காலத்துக்குத் தள்ளுங்க.

எழுதினதை, பதில் கிடைக்கக்கூடிய கேள்வியா மாத்துங்க. "வாழ்க்கை வீணாயிடுமோ"ன்னா பதில் கிடையாது. கம்பெனில பாண்ட், அதாவது இத்தனை நாள் வேலை பாக்கணும்ங்கிற ஒப்பந்தம் இருக்கா, நடுவுல விட்டா எவ்வளவு தொகை கட்டணும், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? இதுக்கெல்லாம் பதில் ஆர்டர்லயே இருக்கும். குரூப் 2 அறிவிப்புல இருந்து பணி ஆணை வரைக்கும் ஒரு வருஷத்துக்கு மேலகூட இழுக்கலாம்; அது வரைக்கும் வீட்டுச் செலவு தாங்குமா? ஆறு மாசம் கழிச்சு வேணாம்னா திரும்பி வர எவ்வளவு செலவாகும்? திரும்பி வரக்கூடிய முடிவுக்கு இவ்வளவு பயம் தேவையில்ல.

பெரும்பாலும் சிக்கல் எங்க வருதுன்னா, பத்து பேர்கிட்ட கேக்குறதுல. ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் சந்தேகம் இன்னும் பெருசாகும், உடனே அடுத்த ஆளைக் கேக்கத் தோணும். மூணு பேர் போதும்: அந்த வேலையில இருக்கிறவர், தேர்வு எழுதி ஜெயிச்சவர், எழுதியும் கிடைக்காதவர். மூணாவது ஆளை விட்டுடாதீங்க.

முடிவெடுத்த முதல் வாரம் பதற்றம் வரும். தப்பான முடிவுங்கிறதுக்கு அது சாட்சி இல்ல. மறுபரிசீலனைக்கு ஒரு தேதி குறிச்சுக்கங்க, அது வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

என்கிட்ட யாராவது கேக்க மாட்டாங்களான்னு நான் நினைக்கிற கேள்வி இது: "என் மனசு சரியா இருக்கான்னு எங்க போய்ப் பாக்குறது?" மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. தைராய்டு, ரத்தசோகை மாதிரி காரணம் இருந்தாலும் அங்கேயே பாத்துடலாம். டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு: 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். உயிரை விட்டுடலாம்னு நினைப்பு எட்டிப் பாத்தா ரெண்டு வாரக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, அந்த நிமிஷமே கூப்பிடுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க.

தம்பி, உங்களுக்கு மூணு வாரம் ஆயிடுச்சு, அதனால இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. கம்பெனிக்கு நாளைக்கே ஒரு மெயில் போட்டு, சேர வேண்டிய தேதிய பத்து நாள் தள்ளி வைக்க முடியுமான்னு கேளுங்க.